விலையை ஏற்றிவிட்ட மூன்று பேர்

அத்தியாயம் 6

குடவாசலில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதை உரக்கடை மாடியில் வைத்துப் பேசக் கூடாது. கீழே யூரியாவுக்கு நிற்கிற கூட்டத்துக்கு வேறு வேலை என்ன? காதுதான் வேலை. இது வானதிக்குத் தெரியாததல்ல. நாலு வருஷமாக அந்த மாடியில்தான் அவளுடைய ஆபீஸ்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மேஜை, ஒரு ஏசி, சார்ஜரில் தொங்கும் ஐந்தாறு போன்கள். அங்கிருந்து ஓடுவது 'மிஷின் வருது' என்ற செயலி. வயல் எந்த ஊர், எத்தனை மா நிலம், தரை ஈரமா காய்ச்சலா என்று போனில் தட்டினால் போதும். கதிர் அறுக்கும் மிஷின் எங்கே சும்மா நிற்கிறது என்று பார்த்து அது அனுப்பி வைக்கும். வலங்கைமானிலிருந்து நன்னிலம் வரை மிஷின் தரகர்களில் பாதிப் பேருக்கு அதைக் கண்டாலே வயிற்றெரிச்சல். மீதிப் பேர் சத்தமில்லாமல் அதிலேயே சேர்ந்துகொண்டார்கள்.

அதைத்தான் வானதி விற்கிறாள். புருஷன் ராம்கி தோஹாவில் இருக்கிறான், மகளைக் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விடப் போகிறேன் என்பது அவளே எல்லாரிடமும் சொன்ன காரணம். எங்கள் தெருவிடம் வேறு நாலு காரணங்கள் கைவசம் இருந்தன. எதுவும் அச்சில் ஏற்றக்கூடியது அல்ல.

அன்று காலை அந்த மாடிப்படியில் ஏறி வந்தது தஞ்சாவூர் மங்களாம்பிகை. துப்பறியும் தொழில். பத்து கேஸ் வந்தால் ஒன்பது மாப்பிள்ளை விசாரணை: பையன் குடிப்பானா, சம்பளம் நிஜமா, தலைமுடி நிஜமா. ஐம்பது வயது, பருத்திப் புடவை, யாரைப் பார்த்தாலும் எந்த ஊர் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தான் வணக்கமே சொல்வாள். பின்னாலேயே அவளுடைய உதவியாளன் புகழேந்தி. அவன் அப்பா மேடை போட்டு ஜாதகத்தைக் கொளுத்தியவர். மகன் வயிற்றுப்பாட்டுக்கு ஜாதகக் கட்டைச் சுமந்துகொண்டு திரிகிறான். அந்தக் கோபம் முழுக்க வாயில் இறங்கிவிட்டது.

"சாஃப்ட்வேர் விக்கிறதுக்கு ஒரு ஆலோசகரா?" என்றான் வந்ததும். "மாட்டுச் சந்தைல தரகர் துண்டுக்குள்ள கை விட்டு விலை பேசுவாரு. இவரு லேப்டாப்புக்குள்ள கை விடறாரா?"

"அதேதாங்க. மேல ஒரு கோட்டு மட்டும் கூடுதல்" என்றாள் வானதி. சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு கரும் பிறை.

ஆலோசகர் பெயர் சூர்யபிரகாஷ். தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டர் மாடியில் ஆபீஸ். தொழிலை விற்றுக் கொடுத்தால் விலையில் அவருக்கு ஒரு பங்கு. ஆள் ஒன்றும் சோம்பேறி இல்லை. செயலியின் உள்வேலையை ஒரு நிபுணரை வைத்துச் சோதித்தார், கணக்கையெல்லாம் ஒழுங்கு பண்ணினார், பெயரைச் சொல்லாமல் ஒரு விளம்பரக் குறிப்பும் தயாரித்தார்: 'காவிரிப் பாசனப் பகுதியில் இயங்கும் முன்னணி அறுவடைச் செயலி'. அப்படி இங்கே இருப்பதே ஒன்றுதான். முகத்தை மறைத்துவிட்டு மூக்கை மட்டும் படம் எடுத்த மாதிரி.

அதைப் பார்த்து ஐப்பசியில் கோயம்புத்தூர் மிஷின் கம்பெனி ஒன்று நல்ல விலை சொல்லிற்று. பின்னாலேயே வேறு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பெங்களூர், ஒருவர் ஹைதராபாத், ஒருவர் சென்னை. கோயம்புத்தூர் ஒரு விலை சொன்னால் இந்த மூன்று பேரில் ஒருவர் அதற்கு மேல் சொல்வார். கோயம்புத்தூர் இன்னும் ஏற்றும். இன்னொருவர் அதற்கும் மேல் போவார்.

"நல்லதுதானேங்க?" என்றான் புகழேந்தி. "வீட்டுக்கு முன்னாடி நாலு மாப்பிள்ளை வரிசைல நிக்கிறாங்க."

வானதி போனை நீட்டினாள். கோயம்புத்தூர் கம்பெனியின் நெடுமாறன் நேற்று அனுப்பியது: 'மற்ற மூவரும் உண்மையான ஆட்கள்தானா என்று நாளை சாயங்காலத்துக்குள் தெரிய வேண்டும். இல்லையென்றால் நாங்கள் விலகிக்கொள்கிறோம்.'

"விலை ஏற ஏற ஆலோசகர் பங்கும் ஏறும். அந்த மூணு பேரையும் அவரே செஞ்சு வெச்சிருந்தாருன்னா?" என்றாள் வானதி. "கோயம்புத்தூர்காரங்க போயிட்டா எனக்கு வேற ஆளே கிடையாதுக்கா. தை பொறந்தா அறுப்பு. அதுக்குள்ள இது என் கைய விட்டுப் போயாகணும்."

"மூணு பேரையும் நேர்ல பாத்திருக்கியா?"

"இல்லக்கா. எல்லாம் மெயில், வாட்ஸ்ஆப். நேர்ல வாங்கன்னா போர்டு மீட்டிங்கும்பாங்க."

மங்களாம்பிகை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். வரன் போட்டோ பார்க்கிற அதே பார்வை. அவள் கடிதங்களின் வாசகத்தைப் படிக்கவில்லை. ஓரத்தில் இருந்த தேதிகளை மட்டும் விரலால் மேலே கீழே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தினமும் ஏதாச்சும் அனுப்பியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை கூட. ஆனா போன வாரம் கார்த்திகை தீபத்தன்னைக்கு மூணு பேரும் மௌனம்."

"லீவா இருக்கும்க்கா. விளக்கேத்தியிருப்பாங்க" என்றான் புகழேந்தி.

"மறுநாளும் மௌனம்."

"எண்ணெய் தீர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க."

"அதுக்கு மறுநாள் மத்தியானம் வரைக்கும் மௌனம். மத்தியானத்துக்கு மேல மூணு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா மெயில் அடிச்சிருக்காங்க." அவள் இன்னும் கீழே தள்ளினாள். "ஐப்பசிலயும் இதே கதை. கிருத்திகைல நிறுத்தி, மூணாம் நாள் மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க."

"அப்ப மூணு பேரும் முருக பக்தர்."

"முருகனுக்கு ஒரு நாள் பட்டினி கிடந்தாப் போதும். ரெண்டே கால் நாள் லீவு விடுற கம்பெனி எதுடா?"

புகழேந்தி யோசித்தான். அவன் அப்பா கொளுத்திய புத்தகங்களில் இது இருந்திருக்கும்.

மங்களாம்பிகை எழுந்து சுவரில் இருந்த தினசரி நாள்காட்டியிடம் போனாள். அது இன்னும் ஐப்பசி முதல் வாரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தாள் கிழிக்கக் கூட அங்கே யாருக்கும் நேரமில்லை. அதுவும் ஒரு வசதிதான். தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் இருக்கிற பொடி எழுத்தைப் பார்த்தாள். ஐப்பசியில் பார்த்தாள். கார்த்திகையில் பார்த்தாள்.

"உங்க ஆலோசகரை இப்பவே வரச் சொல்லும்மா. தஞ்சாவூர்லேந்து பெரியம்மா வந்திருக்காங்க, வியாபாரம் நல்லா முடியணும்னு பிள்ளையாருக்கு அர்ச்சனை பண்ணணும்ங்கறாங்க, அவரும் கூட இருக்கணும்னு சொல்லு."

"பெரியம்மா யாருக்கா?"

"நான்தான்."

கட்சிக்காரரிடம் பாதியைச் சொல்லி மீதியைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொள்வது மங்களாம்பிகையின் வழக்கம். மீதியைப் படியிறங்கும்போது புகழேந்தியிடம் சொன்னாள்.

"சந்திராஷ்டமம்டா. ஒவ்வொரு ராசிக்கும் மாசத்துல ரெண்டே கால் நாள் ஆகாத நாள். பேச்சு வார்த்தை, கொடுக்கல் வாங்கல் எதுவும் வெச்சுக்க மாட்டாங்க. சண்டைல முடியும்பாங்க. மெயில் வராத இந்த நாள் ரெண்டு மாசமும் துலாம் ராசிக்கு."

"மூணு ஊர்ல மூணு பேர். மூணு பேரும் துலாம்?"

"மூணு பேரும் துலாமா இருக்கலாம். மூணு பேரும் நாள் பாக்கலாம். மூணு பேருக்கும் ஒரே நேரத்துல அது முடிஞ்சு ஒரே நேரத்துல வியாபார ஆசை வரலாம். இல்லன்னா ஆளே ஒருத்தனா இருக்கலாம். உனக்கு எது சுலபமாப் படுது?"

"மூணு பேரா நடிக்கத் தெரிஞ்சவனுக்கு மூணு ராசியா நடிக்கத் தெரியலையேக்கா."

"பேர மாத்திக்கலாம், ஊர மாத்திக்கலாம். சந்திரன எப்படிடா ஏமாத்தறது? அவன் நம்பறான்ல."

சூர்யபிரகாஷ் உச்சிக்கால நடை சாத்துவதற்குள் வந்துவிட்டார். கார்த்திகை மாசத்துப் புழுக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு, டை. கோவில் வாசலில் ஷூவையும் காலுறையையும் கழற்றியதும் ஆள் பாதி உயரம் குறைந்துவிட்டார்.

"மேடம், நெடுமாறனுக்கு நாம ஒரு கிளாரிட்டி குடுக்கணும்" என்று ஆரம்பித்தார். "பையர்ஸோட கான்ஃபிடென்ஸ்..."

"முதல்ல பிள்ளையார் கான்ஃபிடென்ஸ் தம்பி" என்று பெரியம்மா அவர் கையில் அர்ச்சனைத் தட்டைத் திணித்தாள்.

போலீஸ் லத்தியாலும் வக்கீல் குறுக்கு விசாரணையாலும் வாங்க முடியாத உண்மையை ஒரு குருக்கள் ஒரே கேள்வியில் வாங்கிவிடுவார். பீரோ சாவி எங்கே என்று பெண்டாட்டியிடம் சொல்லாதவன் கூட இதற்கு நாலு பேர் கேட்கப் பதில் சொல்வான். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"பேரு, ராசி, நட்சத்திரம் சொல்லுங்கோ."

சூர்யபிரகாஷ் தொண்டையைச் செருமினார். "சாமி பேருக்கே பண்ணிடுங்க."

புகழேந்தியின் முழங்கை மங்களாம்பிகையின் விலாவில் இடித்தது. "மறைக்கிறான்க்கா."

"சாமி பேருக்கு நான் தினமும்தான் பண்றேன்" என்றார் குருக்கள். அவருக்கும் பசி நேரம். "தட்டு உங்களுது. உங்க பேரைச் சொல்லுங்கோ."

"இல்ல, கிளையண்ட் முன்னாடி பர்சனல் டீடெய்ல்ஸ்..." அவர் நெளிந்தார். பிறகு குரலைத் தணித்து, "சூர்யபிரகாஷ். மேஷ ராசி, பரணி நட்சத்திரம். குருக்களே, கொஞ்சம் கல்யாணத் தடை நீங்கறதுக்கும் சேத்துப் பண்ணிடுங்க" என்றார்.



"மேஷம்னா நம்ம கேஸ் என்னாச்சு?" என்று புகழேந்தி காதருகில் கேட்டான்.

"ஊத்திக்கிச்சு."

"பரணின்னு பொய் சொல்லியிருந்தா?"

"கல்யாணம் ஆகணும்னு வேண்டிக்கிறவன் பிள்ளையார் முன்னாடி ராசிய மாத்திச் சொல்லுவானா? அட்ரஸ் தப்பா எழுதி பார்சலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஆயிடாதா?"

மங்களாம்பிகைக்கு முகம் சுருங்கிவிட்டது. காலையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த ஒரே நூல். அது இப்போது கோட்டுப் போட்டுக்கொண்டு கல்யாண வரம் கேட்கிறது. சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று மனசு கணக்குப் போட்டது.

குருக்கள் வானதி பக்கம் திரும்பினார். "உங்க குடும்பத்துக்கும் சொல்லுங்கோம்மா, சேத்து முடிச்சுடலாம்."

வானதி கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வது போல ஒரே மூச்சில் வந்தது. "வானதி, கும்ப ராசி, சதயம். மக குந்தவை, ரிஷபம், ரோகிணி. மாமியார் பேரு அம்சம், கடகம், ஆயில்யம். ராம்கி, துலா ராசி, சுவாதி நட்சத்திரம்."

அவள் பாட்டுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குருக்கள் மந்திரத்தை ஆரம்பித்தார். பெரியம்மாவும் அவளுக்கு டிரைவராக நின்ற புகழேந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பன்னெண்டு பேர்ல ஒருத்தர் துலாம்க்கா" என்றான் புகழேந்தி மெதுவாக. இந்த முறை கிண்டல் இல்லை. கட்சிக்காரம்மாவின் கரும்பிறைக் கண்ணைப் பார்த்துவிட்டிருந்தான்.

விபூதி வாங்கி வெளியே வந்ததும் மங்களாம்பிகை அவளைத் தேர்முட்டிப் பக்கம் ஒதுக்கி அழைத்துப் போனாள்.

"வானதி, உங்க வீட்டுக்காரர் சந்திராஷ்டமம் பாப்பாரா?"

"ஐயோ, அத ஏன்க்கா கேக்கறீங்க? அந்த ரெண்டு நாளும் எனக்கே போன் பண்ண மாட்டாரு. பேசினா சண்டை வந்துடும்பாரு. நாள் முடிஞ்சதும்தான் குட் மார்னிங்கே வரும்." சொல்லிக்கொண்டே வந்தவள் மங்களாம்பிகையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன்?"

முடிந்து வைத்த மீதியை மங்களாம்பிகை அவிழ்த்தாள். வானதி கையிலிருந்த தேங்காய் மூடியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"அவரு தோஹாவுல இருக்காரு" என்றாள் கடைசியில். "அவருக்கு எதுக்குக்கா இந்த வேலை?"

"கேட்டுடுவோம். வீடியோ கால் போடு. நாங்க இருக்கிறதச் சொல்லாத. அர்ச்சனை பண்ணினேன்னு மட்டும் சொல்லு."

ராம்கி உடனே எடுத்தான். பின்னால் வெள்ளைச் சுவர். கஞ்சி போட்ட சட்டை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"டியூட்டில இருக்கேன் வானதி. சொல்லு."

"கோவிலுக்கு வந்தேன். உங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணினேங்க. சாப்டீங்களா?"

"இப்பத்தான் கேன்டீன்ல..."

அப்போதுதான் தெருக்கோடியில் அந்தச் சரக்கு ஆட்டோ திரும்பியது. கூரையில் ஒலிபெருக்கி. மார்கழிக்கு முன்னால் எல்லா ஊருக்கும் வருகிற பதிவு செய்த பெண்குரல்: 'கோலமாவு... கலர் கோலமாவு... மார்கழி வருதும்மா, வாசலுக்கு வாங்கம்மா...'

குரல் தெருவில் கேட்டது. ஒரு நொடி தள்ளி, வானதியின் கையிலிருந்த போனிலும் கேட்டது.

புகழேந்தி போனை எட்டிப் பார்த்தான். "தோஹாவுல வாசல் பெருக்கிக் கோலம் போட ஆரம்பிச்சுட்டாங்களாக்கா?"

"பேச்ச விடாத வானதி" என்று மங்களாம்பிகை வாயசைத்தாள். "வண்டி பின்னாடியே போவோம்."

ஆகப் பட்டப்பகலில் குடவாசல் ஒரு ஊர்வலத்தைப் பார்த்தது. முன்னால் கோலமாவு வண்டி, எருமை நடையில். பின்னால் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வானதி, அவள் தோளுக்குப் பக்கத்தில் காதை நீட்டியபடி புகழேந்தி, புடவையைத் தூக்கிப் பிடித்த மங்களாம்பிகை, கடைசியில் ஒரு கையில் ஷூவும் ஒரு கையில் தேங்காய் மூடியுமாக சூர்யபிரகாஷ். அவருக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது. பையர் யாராவது ஓடுகிறாரோ என்ற பயத்தில் வந்தார்.

"என்ன சாப்டீங்க?" என்றாள் வானதி, நடந்துகொண்டே. ஒரு புருஷனைப் போனில் பிடித்து வைக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.

"பிரியாணி. அப்பறம்..." 'வாசலுக்கு வாங்கம்மா' என்று போன் கத்தியது.

"சத்தம் கூடுதுக்கா!" புகழேந்தி கிசுகிசுத்தான்.

சந்நிதித் தெரு முனையில் அன்சாரின் செல்போன் கடை. ராம்கியோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். வண்டி அந்தக் கடைக்கு நேராக வந்தபோது போனில் பெண்குரல் காதைக் கிழித்தது. திரையில் ராம்கி அவசரமாக எழுந்து எங்கோ கை நீட்டினான். அன்சார் கடையின் மாடி ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது.

போனில் சத்தம் நின்றுபோயிற்று.

இதில் எங்கள் தெருவுக்கு ஒரு அவமானம் உண்டு. ஒரு ஆள் வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் மூக்குக்குக் கீழே மூன்று வாரம் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான், எங்களில் ஒருவருக்குக் கூடத் தெரியவில்லை. அன்சார் ஏன் தினமும் இரண்டு பார்சல் வாங்குகிறான் என்று நாங்கள் பேசிக்கொண்டது உண்மை. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த காரணம் வேறு. அன்சாரின் பெண்டாட்டி அதற்காக இன்றைக்கும் எங்களோடு பேசுவதில்லை.

மாடியில் செல்போன் உறை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று கொடியில் தொங்கியது. அதுதான் தோஹா. அதற்கு முன்னால் ராம்கி. மேலே கஞ்சி போட்ட சட்டை, அடையாள அட்டை. கீழே கட்டம் போட்ட லுங்கி. பக்கத்து ஸ்டூலில் மூன்று போன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி ஊர்ப்பெயர் எழுதியிருந்தது.

"பெங்களூர், ஹைதராபாத், சென்னை" என்று புகழேந்தி வாசித்தான். "போர்டு மீட்டிங் நடந்துக்கிட்டிருக்கு. நாமதான் கதவத் தட்டாம வந்துட்டோம்."

வானதி போனை அணைத்தாள். "எப்ப வந்தீங்க?"

"கார்த்திகை ஆரம்பத்துல." ராம்கி நிமிரவில்லை. "ஆவணிலயே வேலை போயிடுச்சு. வேற தேடிப் பாத்தேன். கெடைக்கல."

"அதச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீ இங்க எல்லாத்தையும் வித்துட்டுப் பொண்ணக் கூட்டிக்கிட்டு அங்க வரேன்னு நின்ன. எங்க வருவ? எனக்கே அங்க இடமில்ல. சொல்ல வாய் வரல வானதி."

"மூணு பேரா மாறி மெயில் அடிக்க மட்டும் கை வந்துதா?"

"விலைய ஏத்தி விட்டா கோயம்புத்தூர்காரங்க ஓடிப் போயிடுவாங்கன்னு பாத்தேன். நீயும் விக்க மாட்ட. நான் மெதுவா வந்து இதுலயே ஒரு ஓரமா..." இதெல்லாம் ஒரு தொழிலா என்று நாலு வருஷம் முன்னால் கேட்டவன் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றான். "அவங்க ஓடவே இல்ல. ஏத்திக்கிட்டே வந்தாங்க."

படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சூர்யபிரகாஷ் முன்னால் வந்தார். "சார், என் சர்வீஸ்ல யாரும் இவ்ளோ அழகா விலைய ஏத்தி நான் பாத்ததில்ல" என்றார், தன்னை மறந்து. அடுத்த நொடி அவர் முகம் வெளிறியது. "இது வெளிய தெரிஞ்சா அதை நான்தான் செஞ்சேம்பாங்க. என் தொழில் போச்சு. மேடம், ஒண்ணு பண்ணலாம். அந்த மூணு பேரும் விலகிட்டாங்கன்னு நெடுமாறன்கிட்ட சொல்லிடுவோம். அது பொய் இல்லையே? விலகிட்டாங்கதானே? அவங்க கடைசியா சொன்ன விலை அப்படியே நிக்கும்."

அறையில் எல்லாரும் அதை யோசித்தார்கள். கடைசி விலை முதல் விலையைவிட எவ்வளவு கூடுதல் என்று எங்களுக்குத் தெரியும், சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது.

"நெடுமாறனுக்கு போன் போடுங்க" என்றாள் வானதி. "ஸ்பீக்கர்ல."

போட்டார். அவளே பேசினாள். மூன்று பேரும் என் வீட்டுக்காரர்தான், எனக்கு இப்போதுதான் தெரியும், ஆலோசகருக்கு இதில் சம்பந்தமில்லை, நீங்கள் முதலில் சொன்ன விலைக்கு இஷ்டமிருந்தால் வாங்குங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். சூர்யபிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டார், மறுபடி பிள்ளையார் முன்னால் நிற்பதைப் போல.



"ஏனுங்க" என்றது நெடுமாறனின் குரல், "மூணு பேருமா?"

"மூணு பேரும்."

"அந்த ஹைதராபாத்காரர் எங்களை 'சின்ன கம்பெனி'ன்னு எழுதினாருங்களே. அவருமா?"

"அவரும் இவருதாங்க."

அங்கே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. "எங்க முதலாளி பக்கத்துலதான் இருக்காருங்க. முதல்ல சொன்ன விலைன்னா சரிங்கறாரு. ஆனா ஒண்ணுங்க. செயலி எங்க கைக்கு வந்துரும், மிஷின்காரங்களுக்கு எங்களைத் தெரியாதுங்களே. இந்த அறுப்பு முடியற வரைக்கும் போனை எடுக்க உங்க ஆளு ஒருத்தர் வேணும்ங்க. நீங்களே இருந்தீங்கன்னா..."

"நான் இல்ல."

இவ்வளவு வேகமாக அவள் எதற்கும் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. ராம்கி நிமிர்ந்து பார்த்தான்.

"தோஹாதான் இல்லைன்னு ஆயிடுச்சே வானதி. இப்ப எதுக்கு விக்கணும்?"

"தோஹாவுக்காக விக்கிறேன்னு நெனச்சீங்களா?" அவள் போனை உள்ளங்கையால் மூடினாள். "நாலு வருஷமா அறுப்பு காலத்துல நான் தூங்கினதே இல்லைங்க. பெல்ட் அறுந்தா எனக்கு போன். மிஷின் சேத்துல இறங்கினா எனக்கு போன். டிரைவர் குடிச்சுட்டுப் படுத்துட்டா அவனை எழுப்பக் கூட எனக்குத்தான் போன். தூங்கறதுக்காக விக்கிறேன்னு சொன்னா உங்க அம்மா ஒத்துக்குவாங்களா? இந்தத் தெரு விடுமா? புருஷனோட இருக்கப் போறேன்னதும் தாம்பூலம் வெச்சுக் குடுக்காத குறை."

தெருவைப் பற்றி அவள் சொன்னது அநியாயம் என்று இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. தூங்குவதற்காக என்பது எங்களுடைய நாலு காரணங்களில் இல்லைதான்.

"அப்ப அதிக விலைய ஏன் விட்டுக்குடுத்தீங்க மேடம்?" சூர்யபிரகாஷால் தாங்க முடியவில்லை.

"நாளைக்கு உண்மை தெரிஞ்சா அவங்க யாரைக் கூப்பிடுவாங்க? என்னை. இது விஷயமா இனிமே ஒரு போன் எனக்கு வரக் கூடாது சார்." அவள் உள்ளங்கையை எடுத்தாள். "ஹலோ. உங்களை மூணு பேரா நின்னு மிரட்டினாரே, அவரு இப்ப சும்மாதாங்க இருக்காரு."

 பின்னால் வேறொரு கனத்த குரல் ஏதோ சொன்னது.

"மூணு ஆளு வேலைய ஒரே ஆளா பாத்திருக்காரு, வரச் சொல்லுன்னு சொல்றாருங்க" என்றார் நெடுமாறன். "மார்கழிக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுரலாங்க."

போனை வைத்ததும் சூர்யபிரகாஷ் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்து கோட்டைக் கழற்றினார். உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பங்கு குறைந்துவிட்டது, தொழில் பிழைத்தது, இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானதி தோள்பையிலிருந்து ஆபீஸ் போனை எடுத்தாள். அது அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ராம்கியின் லுங்கி மடியில் அதை வைத்தாள்.

"ஆத்தூர் மிஷின்காரர். கத்துவாரு. நடுவுல பேசாதீங்க, கத்தி முடிக்கட்டும்."

ராம்கி எடுத்தான். "வணக்..." என்பதற்குள் அந்தப் பக்கத்துச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவன் ஒரு கையால் கழுத்து அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். ஆத்தூருக்குத் தலையாட்டல் தெரியாது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

கீழே வந்து பார்த்தால் மங்களாம்பிகையின் காரில் பின்சீட்டுக் கதவு திறந்திருந்தது. வானதி உள்ளே ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தாள். ஒரு கால் செருப்பு தெருவிலேயே விழுந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

புகழேந்தி செருப்பை எடுத்து உள்ளே வைத்தான். "அக்கா, கேஸ் முடிஞ்சுது. கட்சிக்காரம்மா நம்ம கார்ல. இப்ப எங்க போறது?"

"எங்கயும் போகாத" என்றாள் மங்களாம்பிகை. "வண்டிய வேப்பமரத்து நிழல்ல நிறுத்து. ஏசியப் போடு. ஹாரன் மட்டும் அடிச்சிடாத."